சுழலும் கொம்பும் அதற்கேற்ற முன்பெருக்கியும்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் புறப்படும் வண்டிகள், நகரத்தின் நெரிசலைக் கடந்து வெளிச்சாலையில் வேகமெடுத்தபின் ஏர் ஹாரனை விடாமல் ஒலித்தபடி நம்மைத் தாண்டிச் செல்லும்போது, அவ்வொலியைச் சற்று நின்று கவனித்தவர்கள் ஒரு விசித்திரத்தை அறிந்திருப்பார்கள். நம்மை நோக்கி வரும்வரை உயர்ந்த சுருதியில் ஒலித்த ஹாரன், நம்மைக் கடந்த கணத்திலேயே சுருதி இறங்கிப் போகிறது. ஓட்டுநர் எதையும் மாற்றவில்லை. வண்டிக்குள் அமர்ந்திருக்கும் பயணிகளுக்கோ ஆதியிலிருந்து அந்தம்வரை அது ஒரே சுருதியில்தான் கேட்கிறது. மாறியது ஹாரன் அன்று, ஹாரனுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தமே என்பது சிறிது யோசித்தால் புலப்படும்.

ஒலி என்பது காற்றில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து பரவும் நெருக்கங்களின் வரிசை. நொடிக்கு எத்தனை நெருக்கங்கள் செவியை வந்து தட்டுகின்றனவோ அந்த எண்ணிக்கையை அதிர்வெண் என்கிறோம். அது மிகுந்தால் சுருதி உயர்வாகவும் குறைந்தால் தாழ்வாகவும் கேட்கும். வண்டி முன்னோக்கி ஓடிக்கொண்டே ஒலிப்பதால், ஒரு நெருக்கத்தை அனுப்பிவிட்டு அடுத்ததை அனுப்புவதற்குள் அது சற்று நம்மருகே வந்துவிடுகிறது. ஆகவே வண்டிக்கு முன்புறம் நெருக்கங்கள் ஒன்றையொன்று ஒட்டியும், பின்புறம் விலகியும் பரவுகின்றன. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 15 மீட்டர். நம் ஊரின் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், வரும்போது கேட்பதற்கும் போகும்போது கேட்பதற்கும் இடையே அதிர்வெண்ணில் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு வித்தியாசம் உண்டாகிறது. சங்கீதம் அறிந்தவர்களுக்குச் சொல்வதானால், சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளியைவிட இது அதிகம். சதுஸ்ருதி ரிஷபத்தை எட்டுவதற்குச் சற்றே குறைவு.

இதை 1842-இல் கணித முறையாகச் சொன்னவர் பிராகா நகரில் ஆசிரியராக இருந்த கிறிஸ்டியன் டாப்ளர். அவர் பேசியது இரட்டை விண்மீன்களின் நிறத்தைப் பற்றி. ஆயினும் அதே நியாயம் ஒலிக்கும் பொருந்தும் என்பதால், அவருடைய கூற்றில் சந்தேகம் கொண்ட டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட், ஒலியைக் கொண்டே அதைச் சோதித்துவிடுவது என்று தீர்மானித்தார். 1845-ஆம் ஆண்டு, ஊட்ரெக்ட் நகரத்தை ஒட்டிய ரயில் பாதையில், ஒரு நீராவி எஞ்சினுக்குப் பின்னால் கொம்பு வாசிப்பவர்களை ஏற்றி ஒரே ஸ்வரத்தை வாசிக்கச் சொல்லி, பாதையோரத்தில் சுருதி ஞானம் மிக்க இசைவாணர்களை நிறுத்தி, வண்டி வரும்போதும் போகும்போதும் கேட்ட ஸ்வரத்தைக் குறிக்கச் செய்தார். பிப்ரவரியில் பனிப்புயல் பரிசோதனையைக் கெடுத்தது. ஜூன் மாதத்தில் அது நிறைவேறியது. மறுக்கப் புறப்பட்டவரே, ஒலியைப் பொறுத்தமட்டில் டாப்ளர் கூறியது மெய் என்று அறிவித்தார். மின்சாரக் கருவி ஏதுமின்றி, பழகிய காதையும் ஓடும் வண்டியையும் மட்டுமே துணையாகக் கொண்டு ஓர் இயற்கை நியதியை நிலைநாட்டிய அந்தப் பரிசோதனையை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

கொம்பை ரயிலில் ஏற்றி ஓட்டுவதற்குப் பதிலாக, நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுழற்றினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை நம்மை நோக்கி வரும், ஒருமுறை நம்மைவிட்டு விலகும். சுருதியும் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். இந்த எண்ணத்தையே ஒரு மரப்பெட்டிக்குள் அடக்கி உலகத்துக்கு அளித்தவர், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வானொலி பழுது பார்த்துக்கொண்டிருந்த டொனால்ட் லெஸ்லி என்பவர். 1911-இல் பிறந்த இவர், 1935-இல் விற்பனைக்கு வந்த ஹேமண்ட் மின் ஆர்கனைப் பெரிய மண்டபம் ஒன்றில் கேட்டபோது அடைந்த மகிழ்ச்சி, அதே வாத்தியத்தைச் சிறிய அறையில் கேட்டபோது கிடைக்கவில்லை. தேவாலயங்களில் உள்ள குழல் ஆர்கனில் ஒவ்வொரு ஸ்வரமும் வேறுவேறு குழலிலிருந்து, வேறுவேறு இடத்திலிருந்து பிறக்கிறது. மின் ஆர்கனிலோ எல்லா ஸ்வரங்களும் அசைவற்ற ஓர் ஒலிபெருக்கியின் வாயிலிருந்தே வருகின்றன. சப்தத்துக்கு இடம்பெயரும் தன்மையைத் தந்தால் உயிர் வரும் என்று அவர் ஊகித்தார். 1940-களின் தொடக்கத்தில் அவர் செய்த சுழல் ஒலிபெருக்கியை ஹேமண்ட் கம்பெனியார் ஏற்கவில்லை. ஆகவே தாமே தனி நிறுவனம் வைத்து விற்றார். வாசிப்பவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 1965-இல் அந்நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே லண்டன் ஏபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில், பீட்டில்ஸ் குழுவினரின் ‘டுமாரோ நெவர் நோஸ்’ என்ற பாடலுக்காக, ஜான் லென்னனின் குரலை இந்தப் பெட்டியின் வழியே செலுத்திப் பதிவு செய்தார்கள். ஆர்கனுக்கென்று பிறந்த பெட்டிக்குள் வேறு ஒலிகளும் புகலாம் என்பதை உலகம் கேட்ட தருணங்களில் அது முக்கியமானது. புகுவதற்கு வழி செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பெட்டியின் அமைப்பை முதலில் பார்ப்போம். லெஸ்லி 122, 147 என்ற இரண்டு புகழ்பெற்ற மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே உடம்புடையவை: இடுப்புக்கு மேல் உயரமுள்ள மரப்பெட்டி, அடியில் 40 வாட் வால்வு பெருக்கி, நடுவில் கீழ்நோக்கிய 15 அங்குல ஸ்பீக்கர், அதன்கீழ் மரத்தாலான ஓர் உருளை, மேல் அறையில் இரட்டைக் கொம்பு. நொடிக்கு 800 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் மேலே கொம்புக்கும், தாழ்ந்தவை கீழே ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பப்படுகின்றன. இரட்டைக் கொம்பில் ஒன்றுதான் ஒலிக்கும். மற்றது வாய் மட்டும் உடையது, சுழலும்போது எடை ஒருபக்கம் சாயாதிருக்க வைத்தது. மேலே கொம்பும் கீழே உருளையும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன. இரண்டு வேகங்கள் உண்டு. வேகமான ஓட்டத்தில் கொம்பு நிமிஷத்துக்கு ஏறத்தாழ 400 சுற்றும், மெதுவான ஓட்டத்தில் 40 முதல் 50 சுற்றும் சுற்றும். கொம்பின் வாய், அச்சிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், வேக ஓட்டத்தில் அது நொடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பாய்கிறது. ஆரப்பாளையத்துப் பேருந்து நெரிசலுக்குள் ஊர்ந்து செல்லும் வேகம், மணிக்கு 30 கிலோமீட்டர். அதற்கே சுருதி மேலும் கீழும் நூற்றுக்கு இரண்டரை பங்கு வரை, அதாவது அரை ஸ்வரத்தில் ஏறக்குறையப் பாதியளவு, நொடிக்கு ஆறேழு முறை அசைகிறது. நம் சங்கீதத்தில் கம்பிதம் எனப்படும் கமகத்தை வீணையின் தந்தியில் விரல் செய்கிறது. இங்கே அசைவு முழுவதும் யந்திரத்தினுடையது.

சுருதி மட்டுமா அசைகிறது? கொம்பின் வாய் நம்மைப் பார்க்கும்போது ஒலி உரத்தும், முதுகு காட்டும்போது தணிந்தும் கேட்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் தத்தம் கணக்கில் வேறுவிதமாக ஏறி இறங்குகின்றன. காதில் ஒன்றாகக் கலந்து விழும் இவற்றை வேறுபடுத்தி அறிவது எப்படி? திறந்த வெளியில், கொம்பு சுழலும் அச்சுக்கு நேர்மேலே ஒரு மைக்கை வைத்துக் கேட்டால் போதும். அவ்விடத்திலிருந்து பார்க்கையில் கொம்பின் வாய் எங்கே சுழன்றாலும் அதன் தூரம் மாறுவதில்லை. தூரம் மாறாவிட்டால் டாப்ளர் கூறும் சுருதி மாற்றமும் இருக்கலாகாது. அப்படியே சுருதி அசைவு அங்கே அடங்கிவிடுகிறது. மைக்கைப் பக்கவாட்டில் கொண்டுவந்தால் அசைவு திரும்புகிறது. கீழ் உருளையின் சங்கதி வேறு. நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீட்டர். அத்தனை நீண்ட அலைக்கு ஒரு முழம் அகலமுள்ள உருளை பெரிய பொருட்டன்று. ஆகையால் கீழ்ஸ்தாயியில் நாம் கேட்பது பெரும்பாலும் உரப்பின் ஏற்றத்தாழ்வே.

இனி முன்பெருக்கிக்கு வருவோம். பெட்டிக்குள்ளேயே 40 வாட் பெருக்கி இருக்க, அதற்கு முன்னால் இன்னொரு பெருக்கி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. பழைய லெஸ்லி பெட்டியில் கிதாருக்கோ மைக்குக்கோ உரிய சாக்கெட் கிடையாது. ஆறு முட்கள் கொண்ட தடித்த பிளக் ஒன்றுதான் உண்டு. அதன் கம்பி நேராக ஹேமண்ட் ஆர்கனுக்குப் போக வேண்டியது. ஆர்கன், தன்னுள் இருக்கும் முன்பெருக்கி தரும் சில வோல்ட் அளவுள்ள பலமான இசைச் சைகையையும், வேகத்தை மாற்றும் கட்டளையையும், மோட்டார்களை ஓட்டும் மின்சாரத்தையும் ஒரே கேபிளில் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆர்கன் இல்லாதவன் அந்த மூன்றையும் தானே செய்துதர வேண்டும். கிதார் தருவதோ பத்தில் ஒரு வோல்ட். அதுவும் மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய காந்தச் சுருளிலிருந்து வருவதால், அதனிடமிருந்து மின்னோட்டம் சிறிது இழுத்தாலும் மேல்ஸ்தாயி ஒலிகள் மங்கிவிடும். ஆகவே முன்பெருக்கியின் வாயில் மின்மறுப்பு உயர்ந்ததாக, பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கவேண்டும். அதாவது கேட்க வேண்டுமேயன்றிப் பறிக்கலாகாது. பிறகு சைகையை முப்பது மடங்கேனும் பெருக்கவேண்டும். இவ்வளவும் சாதாரண வேலை. எந்தப் பெருக்கியிலும் உள்ளது. 122 மாதிரி கேட்கும் அடுத்த வேலையில்தான் எஞ்சினியரின் புத்திநுட்பம் இருக்கிறது.

122-க்குள் இசை இரண்டு கம்பிகளில் நுழைகிறது. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும் கணத்தில் மற்றதில் அதே அளவு இறங்க வேண்டும்; இதை எதிர்க்கட்டம் என்பர். பெருக்கி பெருக்குவது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே. ஏன் இந்தச் சுற்றுவழி? மோட்டாரை ஓட்டும் மின்சாரம் அதே கேபிளில், இசைக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதன் உறுமல் இசையில் தொற்றாமல் இராது. ஆனால் அது இரண்டு கம்பிகளிலும் சமமாகவே தொற்றும். சமமாகத் தொற்றியது வித்தியாசத்தில் காணாமற்போகும். இதோடு நின்றிருந்தாலே மெச்சத்தக்க உபாயம். லெஸ்லியின் வடிவமைப்பு இன்னும் ஓர் அடி மேலே போகிறது: வேகத்தை மாற்றும் கட்டளைக்குத் தனிக் கம்பி போடாமல், அதே இரண்டு இசைக் கம்பிகளிலும் சமமான ஒரு நேர்மின்னழுத்தத்தை ஏற்றியோ நீக்கியோ அனுப்புகிறது. தராசின் இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்தால் முள் அசைவதில்லை. எந்தத் தட்டில் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே முள் சொல்லும். ஆனால் தராசைத் தொங்கவிட்டிருக்கும் கொக்கிக்கோ இரு தட்டுகளின் மொத்தப் பாரமும் தெரியும். 122-இல் இசை முள்ளைப் படிக்கிறது, வேகக் கட்டளை கொக்கியைப் படிக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ஒரு வால்வு, இரு கம்பிகளுக்கும் பொதுவான அழுத்தத்தை உணர்ந்து ரிலே எனும் மின்காந்தச் சுவிட்சை இழுக்கிறது அல்லது விடுகிறது. மெது மோட்டாரோ வேக மோட்டாரோ ஓடத் தொடங்குகிறது. இசைக்கு இது தெரிவதில்லை. கட்டளைக்கு இசை தெரிவதில்லை. தந்தி, தொலைபேசிப் பொறியாளர்கள் முன்னமே கையாண்ட யுக்தி இது; இன்றும் ஒலிப்பதிவு நிலையங்களில் உயர்தர மைக்குகளுக்கு 48 வோல்ட் மின்சாரம் இசைக் கம்பிகளின் வழியாகவே போய்ச் சேர்வது இதே நியாயத்தால்தான்.

147 மாதிரி இதற்கு நேர்மாறான எளிமை உடையது. இசை ஒரே கம்பியில், எர்த்தைச் சார்ந்து போகிறது. வேகக் கட்டளை வேறொரு கம்பியில், மோட்டாரை ஓட்டும் அதே மின்சாரமாகவே ரிலேக்குப் போகிறது. செய்வது சுலபம், ஆனால் அபாயம் மிகுதி. இரண்டு மாதிரிகளுக்கும் வெளியே தெரியும் பிளக் ஒன்றே. உள்ளே முட்களின் பொருள் வேறு. பெட்டியின் பின்தகட்டைப் பார்த்து எந்த மாதிரி என்று நிச்சயம் செய்துகொள்ளாமல் ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றில் செருகினால், மின்வாரியத்தின் மின்சாரம் இசைக் கம்பியில் ஏறி நிற்கக்கூடும்.

122-க்கு வீட்டில் செய்யும் முன்பெருக்கியை டிரான்சிஸ்டராலும் செய்யலாம், டி.எல். 072 போன்ற சிறு சில்லாலும் செய்யலாம். ஆயினும் ஒரு வால்வால் செய்வதை விவரிக்கிறேன். பழைய பெட்டியோடு பொருந்தும் என்பதற்காக அன்று, நடப்பது என்ன என்பதை வால்வைப்போல் வெளிப்படையாகக் காட்டும் கருவி வேறில்லை என்பதற்காக. 1904-இல் ஃபிளெமிங் செய்த குமிழில் சூடேற்றிய எதிர்மின்வாயும், அதிலிருந்து வெளிப்படும் எலெக்ட்ரான்களை ஏற்கும் நேர்மின்வாயும் மட்டும் இருந்தன. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் இடையே மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்தார். வலையின் மின்னழுத்தத்தைச் சிறிது அசைத்தால் குமிழினூடே பாயும் ஓட்டம் பெரிதாக அசைகிறது. பெருக்கம் என்பதன் சாரம் அவ்வளவே. இலங்கை வானொலி கேட்ட காலத்து ரேடியோப் பெட்டிகளில் செம்மஞ்சள் ஒளியுடன் எரிந்துகொண்டிருந்தவை இவற்றின் வழிவந்தவைதாம். 1954-இல் தொடங்கப்பெற்ற பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இவ்வகை வால்வுகளை நம் நாட்டிலேயே செய்தது. நமக்கு வேண்டியது 12ஏ.எக்ஸ்.7, ஐரோப்பியப் பெயரால் இ.சி.சி.83. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் இத்தகைய மும்முனை வால்வுகள் இரண்டு இருக்கின்றன. நம் வேலைக்கு இரண்டும் போதும், மூன்றாவது வேண்டுவதில்லை.

முதல் பாதி பெருக்குகிறது. அதன் வலைக்கும் எர்த்துக்கும் இடையே பத்து லட்சம் ஓம். நேர்மின்வாயில் ஒரு லட்சம் ஓம். எதிர்மின்வாயில் 1,500 ஓம். இவ்வமைப்பு, எதிர்மின்வாய்க்குத் துணையாக ஒரு கண்டன்சர் இருந்தால், சைகையை ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும். தேவைக்கு அதிகம் என்பதால் நடுவே ஒரு வால்யூம் கண்ட்ரோலை வைத்துக் குறைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் பாதி பெருக்குவதே இல்லை, பிரிக்கிறது. அதன் நேர்மின்வாயிலும் எதிர்மின்வாயிலும் சமமான இரண்டு ரெசிஸ்டர்களை, 56,000 ஓம் வீதம், வைக்கிறோம். வால்வினூடே பாயும் ஓட்டம் இரண்டு ரெசிஸ்டர்களையும் கடந்தே ஆகவேண்டும்; ஒன்றில் ஓடியது மற்றதில் ஓடாமல் ஒளிந்துகொள்ள இடமில்லை. வலையில் அழுத்தம் சிறிது ஏறினால் ஓட்டம் மிகுகிறது. கீழ் ரெசிஸ்டரில் விழும் அழுத்தம் மிகுவதால் எதிர்மின்வாயின் மட்டம் உயர்கிறது. மேல் ரெசிஸ்டரிலும் அதே அளவு மிகுவதால், மேலிருந்து கணக்கிடும் நேர்மின்வாயின் மட்டம் அவ்வளவே தாழ்கிறது. ஒரே ஓட்டம், இரண்டு சம எதிர்ப்புகள், ஆகவே சமமும் எதிருமான இரண்டு சைகைகள். 122 கேட்ட எதிர்க்கட்ட ஜோடி இதோ பிறந்துவிட்டது. இதைவிடச் சிக்கனமான சர்க்யூட்டை நான் கண்டதில்லை. இவ்விரு இடங்களிலிருந்தும் ஒவ்வொரு கண்டன்சர் வழியாகக் கம்பியை வெளியே கொண்டுவருகிறோம். வால்வுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான வோல்ட் நிலையழுத்தத்தைக் கண்டன்சர் தடுத்து, அசையும் இசையை மட்டும் விடும். ஆகையால் அது 630 வோல்ட் தாங்குவதாக இருப்பது நலம். கண்டன்சருக்கு அப்பால், வேகக் கட்டளைக்கான நேர்மின்னழுத்தத்தை, ஒரு சுவிட்சின் வழியே வந்து இரண்டாகப் பிரியும் சமமான இரு ரெசிஸ்டர்கள் மூலம் இரு கம்பிகளிலும் ஏற்றுகிறோம்.

இச்சமத்துவத்தில்தான் முழு விஷயமும் தங்கியிருக்கிறது. தராசின் தட்டுகளில் ஒன்று மற்றதைவிடச் சற்றே கனமாக இருந்தால் என்ன ஆகும்? கொக்கிக்கு அனுப்பிய பாரத்தில் ஒரு பங்கு முள்ளையும் அசைத்துவிடும். சுவிட்சைத் தட்டும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று ஓர் அடி விழும். கேபிளில் தொற்றிய உறுமலும் முழுதும் மறையாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெசிஸ்டர்களில் தங்க வளையம் போட்டவை குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு வரை விலகியிருக்கலாம். பழுப்பு வளையம் போட்டவை ஒரு பங்கு வரை. விலையுயர்ந்தவற்றைத் தேட வேண்டியதில்லை. ஒரே மதிப்புள்ளவற்றில் ஒரு கைப்பிடி வாங்கி, மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டைப் பொறுக்கிக்கொண்டால் போதும். இங்கே முக்கியம் 56,000 என்ற எண் அன்று, இரண்டும் ஒன்றாயிருப்பது.

பெட்டியில் செருகுவதற்கு முன்பே நம் வேலை சரியா என்று அறியும் வழியும் உண்டு. செல்பேசியிலிருந்து நொடிக்கு நூறு அதிர்வுள்ள ஒற்றை ஸ்வரத்தை முன்பெருக்கிக்குள் செலுத்தி, மல்டிமீட்டரை மாறுமின் அளவில் வைத்து, எர்த்துக்கும் ஒவ்வொரு கம்பிக்கும் இடையே அளக்க வேண்டும். இரண்டிலும், எடுத்துக்காட்டாக, 2 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு எர்த்தை விட்டுவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால், 4 வோல்ட் காட்டவேண்டும். ஒன்று ஏறும்போது மற்றதும் கூடவே ஏறினால் இடைப்பட்ட வித்தியாசம் சூன்யமாகும்; ஒன்று ஏற மற்றது இறங்கினால்தான் வித்தியாசம் இரட்டிக்கும். அலைகளை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப் என்ற கருவி இல்லாமலே, மூன்று அளவுகளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத எதிர்க்கட்டத்தை நிரூபித்துவிடுகிறோம். பைஸ் பாலட் பாதையோரத்தில் காதுகளை நிறுத்தியதற்கும் இதற்கும் எண்ணத்தில் அதிக தூரமில்லை.

எச்சரிக்கை ஒன்று சொல்லாமல் விடலாகாது. வால்வுக்கு வேண்டிய 250, 300 வோல்ட் நிலையழுத்தம் உயிரைக் கொல்ல வல்லது. சுவிட்சை அணைத்த பின்னும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். அதை வடித்துவிட ஒரு ரெசிஸ்டரை நிலையாகவே பற்றவைத்து, மீட்டரால் அளந்து சூன்யம் என்று கண்ட பின்னரே கைவைக்க வேண்டும். உலோகப் பெட்டிக்கு எர்த் கொடுப்பது கட்டாயம். சர்க்யூட்டைப் படித்து விளங்கிக்கொள்வது எல்லோருக்கும் உரியது; உயர் அழுத்தத்தைத் தொட்டுச் செய்வது, அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் பக்கத்தில் நின்றிருக்கும்போதே உரியது.

முன்பெருக்கி முடிந்தது, இனி மின்சாரம். அமெரிக்காவில் செய்த பெட்டி 117 வோல்ட்டுக்கு ஏற்றது. நம் வீட்டில் 230 வோல்ட். இதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் பரிகாரம் செய்யும். மலிவான ஆட்டோ டிரான்ஸ்பார்மரைவிட, உள்ளே வரும் சுருளும் வெளியே போகும் சுருளும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே சுற்றியதை வாங்குவதே உசிதம். ஆனால் டிரான்ஸ்பார்மர் மாற்றமுடியாத ஒன்று இருக்கிறது. அங்கே மின்சாரம் நொடிக்கு 60 முறை திசை மாறி மீண்டும் பழைய திசைக்குத் திரும்புகிறது, இங்கே 50 முறை. பெட்டியிலுள்ள தூண்டல் மோட்டார்கள் வோல்ட்டைப் பார்த்தன்று, இந்தத் திசைமாற்றத்தைப் பின்பற்றியே வேகம் கொள்கின்றன. ஆகவே அங்கே 400 சுற்று சுற்றிய கொம்பு இங்கே 333 சுற்றுதான் சுற்றும். நொடிக்கு ஏறத்தாழ ஏழு முறையாக இருந்த அசைவு ஐந்தரை முறைக்குத் தளர்ந்துவிடும். அத்துடன், 60-க்கென்று அளவாகச் சுற்றிய இரும்பும் சுருளும் 50-இல் கூடுதலாகச் சூடேறும். காற்றோட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஹேமண்ட் ஆர்கனையும் கூடவே கொண்டுவந்திருந்தால் விசித்திரம் இன்னும் பெரிது. அதன் ஸ்வரங்களைப் பிறப்பிக்கும் சக்கரங்களையே மின்சாரத்தின் திசைமாற்றத்தோடு இணைந்தோடும் மோட்டார்தான் சுழற்றுகிறது. 60-க்கும் 50-க்கும் உள்ள விகிதம் ஆறுக்கு ஐந்து. சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜமத்துக்கும் உள்ள விகிதமும் அதுவே. வாசிப்பவர் காந்தாரம் என்று நினைத்து அழுத்துமிடத்தில் சட்ஜமம் ஒலிக்கும். வாத்தியம் முழுவதும் ஒன்றுபோல் அத்தனை தூரம் இறங்கியிருக்கும்.

ஆர்கனுக்கு இது பெருந்தொல்லை. நம் சுழல் பெட்டிக்கோ பரிகாரம் எளிது. மோட்டாரின் அச்சில் உள்ள புல்லியிலிருந்து பெல்ட் வழியாகத்தான் கொம்பு சுழல்கிறது. அப்புல்லியில் அளவு வேறுபட்ட படிகள் இருப்பதால், பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றிப் பார்க்கலாம். அதுவும் போதாவிட்டால், பழைய புல்லியை மதுரையின் லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து, அதன் விட்டத்தைப்போல் ஐந்தில் ஆறு மடங்கு விட்டமுள்ளதாக, அதாவது 25 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டராக, ஒன்றைக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். மெது மோட்டார் ஒரு ரப்பர் சக்கரத்தின் வழியாக வேக மோட்டாரின் அச்சையே சுழற்றுவதால், இரண்டு வேகங்களும் அந்த ஒரே புல்லியைக் கடந்தே கொம்பை அடைகின்றன. ஒன்றை மாற்றினால் இரண்டும் ஒருங்கே சீராகும். கீழ் உருளைக்கும் அதே கணக்கில் இன்னொரு புல்லி. பெல்ட்டின் இறுக்கத்தை மட்டும் சற்றுத் தளர்வாகவே விடவேண்டும். இலேசான கொம்பு ஒரு நொடியில் வேகம் பிடிக்க, கனத்த உருளை சில நொடிகள் தாமதித்து நிதானமாக அதைப் பின்தொடர்வதுதான் இப்பெட்டியின் அழகு, இறுக்கிக் கட்டினால் அத்தாமதம் குறைந்துவிடும்.